பழந்துணி விரிப்புத் தையல்: ஓய்வு நேரத்துக்கு உகந்த ஒரு கைவேலை

(தாமிரபரணிப் பாசனக் கிராமங்களின் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



சங்கக் கூட்டம் என்றால் கடன், தவணை, வட்டி, விதை, உரம் என்பவற்றைப் பற்றிப் பேசுவதே நமது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயமோ, உங்கள் வீட்டுப் பரணில் மூட்டையாகக் கட்டிக் கிடக்கும் பழந்துணியைப் பற்றியது. இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அதைப் படிப்படியாக எடுத்துச் சொல்லுகிறேன். பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் இரண்டு மூன்று படையாக அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு நெருங்கிய வரிகளாக ஓட்டுத் தையல் போட்டால், அது மெல்லிய மெத்தை போன்ற ஒரு விரிப்பாகிவிடும். மேல் படையில் பல நிறத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால், அழகும் கூடும். பாயின் மேல் விரித்துப் படுக்கலாம். வாடைக் காலத்தில் போர்த்திக்கொள்ளலாம். நம் ஊர்களில் பிறந்த குழந்தையைப் பழஞ்சேலைத் தொட்டிலில் இடுவதும், பழஞ்சேலையை மடித்து அதன்மேல் கிடத்துவதும் தொன்றுதொட்டு வந்த வழக்கமே. ஆனால் நாம் மடிப்பதோடு நின்றுவிட்டோம். மடித்த துணி குழந்தை புரண்டால் கலைந்துபோகும். தைத்த துணியோ பல வருஷம் நிலைத்து நிற்கும்.

பிற தேசத்தார் செய்தது

கந்தை என்ற சொல்லை நாம் ஏளனமாகவே வழங்குகிறோம். அச்சொல்லுக்கு நெருங்கிய உறவுடைய 'காந்தா' என்னும் பெயரை வங்காளத்தார் ஒரு சிறந்த கைவேலைக்கு வைத்திருக்கிறார்கள். அங்குள்ள ஸ்திரீகள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வர்ண நூலைக் கொண்டே தாமரையும் மீனும் தேரும் வடித்துத் தைத்தார்கள். புதிதாக வாங்கியது ஊசி ஒன்றுதான் என்னலாம். பீஹாரில் இவ்வேலைக்குச் சுஜனி என்று பெயர். நமக்கு அண்மையில் உள்ள வட கன்னட ஜில்லாவில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் சந்ததியாரான சித்தி ஜனங்கள் 'கவந்தி' என்னும் விரிப்பைத் தைக்கிறார்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் 'பூ' ஒன்று வைத்தாலன்றி அவ்விரிப்பு பூர்த்தியானதாக எண்ணுவதில்லை. வறுமையுள்ள வீட்டிலும் அந்தப் பூவை அவர்கள் விடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைக்காகச் செய்யும் வேலையிலும் மனம் ஒரு சந்தோஷத்தைத் தேடுகிறது என்பதற்கு அது சாட்சி.

நம் பள்ளத்தாக்கின் அனுபவம்

கைவேலையின் பெருமையை அறிய நாம் வெகு தூரம் போகவேண்டியதில்லை. பத்தமடையைப் பாருங்கள். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் கோரைப்புல்லை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்தி அல்லது பட்டு நூலைப் பாவாக வைத்து நெய்கிறார்கள். அவ்வூர் லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் ஸ்திரீகளே இதில் பெரும் பங்கு வகிப்பவர்கள். அப்பாய் துணியைப் போல் மடியும். 1953-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது என்பதை அவ்வூரார் இன்றும் பெருமையுடன் கூறுகிறார்கள். மாடும் முழுவதும் தின்னாத புல்லுக்கு அந்த மதிப்பைக் கொடுத்தது பொறுமையுள்ள கை. வீரவநல்லூர்த் தறிகளில் நெய்யும் செடிபுட்டாச் சேலைக்கு 2023-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்ததும் அவ்விதமே.

ஊசி வேலைக்கும் நம் ஜில்லாவில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. கால்டுவெல் ஐயர் 1841-ஆம் வருஷத்தில் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். 1844-இல் அவர் மணந்த எலைசா அம்மையார், நாகர்கோவில் மால்ட் ஐயரின் குமாரத்தி. நாகர்கோவிலில் தம் தாயார் பெண்களுக்குக் கற்பித்து வந்த லேஸ் பின்னலை இவ்வம்மையார் இடையன்குடிப் பெண்களுக்கும் கற்பித்தார். தெற்குத் திருவிதாங்கூரில் அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. ஊசியும் நூலும் சாமானியமான ஆயுதங்கள் அல்ல என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

ஆயினும் லேஸ் வேலையின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறக்கலாகாது. லேஸைப் பின்னியவர் ஒருவர்; அணிந்தவர் கடல் கடந்த தேசத்தில் இருந்த வேறொருவர். பின்னியவர் வீட்டில் அதற்கு உபயோகம் இல்லை. ஆகையால் இயந்திர லேஸ் மலிவாக வந்து, சீமையில் நாகரிகமும் மாறியபோது, கைலேஸின் சந்தை சுருங்கிற்று. விரிப்பு அவ்வாறன்று. சந்தை எப்படிப் போனாலும், தைத்தவள் வீட்டிலேயே அதற்கு வேலை உண்டு. இந்தக் காரணத்தினாலேயே, மற்றக் கைவேலைகளுக்கு முன்னால் இதை நான் சிபாரிசு செய்கிறேன்.

செய்யும் முறை

இனிச் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, துணி. பருத்தியோடு பருத்தியையே சேர்க்கவேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் வேர்வையை உறிஞ்சா, ஊசிக்கும் வழுக்கும். புதுத் துணியையும் பழந்துணியையும் கலக்க நேர்ந்தால், புதுத் துணியை இருமுறை நனைத்து உலர்த்திய பின்பே சேர்க்கவேண்டும்; இல்லாவிடில் பின்னால் அது சுருங்கிப் பழந்துணியைக் கிழித்துவிடும். எல்லாவற்றையும் சவுக்காரம் போட்டுக் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாய் உலர்த்துங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும். நைந்துபோன பாகத்தை வெட்டித் தள்ளிவிடுங்கள். தையற்கடைகளில் கழித்துப் போடும் துண்டுகளையும் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, அளவு. சேலை 6 கஜம், அஃதாவது 18 அடி நீளமும், 45 அங்குல அகலமும் உள்ளதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்றாக மடித்தால் 6 அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், மூன்று படை கிடைக்கும். ஒருவர் படுக்க இது போதும். மேலே வர்ணத் துண்டுகளால் அலங்கரிக்க விரும்புவோர், 5 அங்குலச் சதுரங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போக, 4 அங்குலம் வெளியே தெரியும். நீளத்துக்கு 18, அகலத்துக்கு 11, ஆக 198 சதுரங்கள் தேவைப்படும். அகலத்தில் மிஞ்சும் ஓர் அங்குலத்தை ஓரத்தோடு மடித்துவிடலாம்.

மூன்றாவது, தையல். படைகளைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து நான்கு புறமும் நோக்கி நீண்ட இழைகளால் தாற்காலிகமாக நூலோட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவியும். சித்தி ஸ்திரீகளின் முறை பழகிய கைக்கே ஏற்றது. தொடக்கக்காரர் அதைப் பின்பற்ற வேண்டாம். அதன் பின்பு அங்குலத்துக்கு ஒரு வரியாக நீளவாட்டில் தைத்து வரவேண்டும். 44 வரி, வரிக்கு 6 அடி, ஆக 264 அடி. அஃதாவது 88 கஜம். துணியின் ஏற்ற இறக்கத்துக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 110 கஜம் நூல் வைத்துக்கொண்டால் போதும். நூலை இறுக இழுக்கலாகாது. துணி தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. படைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றே உடம்பின் உஷ்ணம் வெளியேறாமல் தடுக்கிறது. இழுத்துத் தைத்தால் அந்தக் காற்றுக்கு இடமில்லாமற் போகும். கடைசியாக நான்கு ஓரங்களையும் மடித்து அடித்து, பழைய நூலோட்டத்தை உருவிவிட்டால் வேலை முடிந்தது.

பகல் வெளிச்சத்திலேயே தைக்கவேண்டும். மங்கிய வெளிச்சத்தில் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளுவதும், மணிக்கணக்காகக் குனிந்திருந்து முதுகு வலியை வாங்கிக்கொள்ளுவதும் பொழுதுபோக்கு ஆகா. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது நலம்.

இதனால் உண்டாகும் சந்தோஷம்

பிசானம் அறுவடையாகி, கார் நடவுக்குத் தண்ணீர் வரும் வரையில் வயல்வேலை குறைவு. அந்தக் கோடைப் பகல்களில் வளவுப் பெண்கள் நாலைந்து பேர் ஒரு நிழலில் கூடி ஒரே விரிப்பைச் சுற்றியிருந்து தைக்கலாம். அமெரிக்கக் குடியானவப் பெண்கள் முற்காலத்தில் இவ்வாறு கூடித் தைப்பதை ஒரு விழாவாகவே கொண்டாடினார்கள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருப்பதில்லை. வயதான ஆச்சிமார் சொல்லும் கதைகளும், மருந்து முறைகளும், உறவு முறைகளும் இளம்பெண்களின் காதில் ஏறுவது இத்தகைய சமயத்தில்தான். ஒற்றையாக இருப்போருக்கும், மனத்தில் துக்கம் உள்ளோருக்கும், ஒரே அளவாக ஊசி ஏறி இறங்குவது ஒரு நிதானத்தைக் கொடுக்கும்.

அன்றியும், ஒரு விரிப்பில் ஒரு குடும்பத்தின் சரித்திரமே இருக்கும். இது அம்மாவின் கலியாணத்துக்கு முன் எடுத்த சேலை, இது தாத்தாவின் வேட்டிக் கரை, இது அண்ணன் முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுச் சென்ற சட்டை என்று பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டுவார்கள். கடையில் வாங்கும் கம்பளியில் அந்தப் பேச்சு இல்லை. இவ்வேலை ஸ்திரீகளுக்கே உரியது என்று ஆண்மக்கள் ஒதுங்கவும் வேண்டாம். தையற்காரர்களில் பலரும் ஆண்மக்கள் அல்லரோ? வயது முதிர்ந்து வயலுக்குப் போகக் கூடாத பெரியவர்கள் சதுரம் வெட்டிக் கொடுத்தாலும் பெரிய உதவியே.

வெள்ளக் காலத்துக்கு ஒரு சேமிப்பு

சந்தோஷத்தைச் சொன்னேன், இனி மிக்க அவசியமான ஒரு பிரயோஜனத்தைச் சொல்லுகிறேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் நம் ஆறு, நமக்குச் சோறு போடும் தாய். ஆனால் 1992-ஆம் வருஷம் நவம்பரிலும், 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளிலும் அந்தத் தாய் சீறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய இரவில் வீட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் ஒதுங்கும் ஜனங்களுக்கு அரிசி எப்படியாவது வந்து சேரும். நனைந்த உடம்போடு குழந்தையைக் கிடத்த ஓர் உலர்ந்த துணி உடனே கிடைப்பதுதான் கஷ்டம்.

இலவம்பஞ்சு மெத்தை நனைந்தால் எளிதில் உலராது, நாற்றமெடுக்கும். மூன்று படை விரிப்போ நல்ல வெயிலில் ஒரே பகலில் உலர்ந்துவிடும். ஆகையால் ஒவ்வொரு அங்கத்தினர் வீட்டிலிருந்தும் வருஷத்துக்கு ஒரு விரிப்பைச் சங்கத்துக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தால், 100 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் ஐப்பசி பிறக்குமுன் 100 விரிப்பு சேர்ந்துவிடும். அவற்றை வேப்பிலையோடு மூட்டை கட்டி, ஊரில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் மாடியில் வைக்கலாம். வருஷந்தோறும் ஆவணியில் எடுத்து வெயிலில் போட்டுக் கணக்கும் பார்க்கலாம். சங்கத்தின் பணம் இதற்கு ஏறக்குறைய ஒன்றும் செலவாகாது. ஒருவருக்கொருவர் ஜாமீனாக நிற்பதே கூட்டுறவின் வேர். கடனுக்கு ஜாமீன் நிற்கும் நாம், குளிருக்கும் ஜாமீன் நிற்கலாம்.

விற்பனையில் எச்சரிக்கை

'இதை விற்றுப் பணம் பண்ணலாமே' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது மூன்றாவது படி. முதலில் வீட்டுக்கு, பிறகு சங்கச் சேமிப்புக்கு, அதன் பின்பே சந்தைக்கு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணிக்கு ஒரு வரி என்று வைத்தால் 44 வரிக்கு 22 மணி நேரமாகும். நாளுக்கு 8 மணி வேலை என்றால், ஏறக்குறைய மூன்று நாள் கூலி அந்த விரிப்பில் அடங்கியிருக்கிறது. மேலே சதுரங்களை இணைத்தால் இன்னும் அதிகம். மூன்று நாள் கூலிக்குக் குறைந்த விலையில் அதை ஒருவர் கேட்டால், அவர் உங்கள் துணியை இனாமாகப் பெற்றுக்கொண்டு, உழைப்பிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்பது அர்த்தம். சொந்தச் சந்தோஷத்துக்காகச் செய்யும் வேலைக்குக் கூலி கணக்கு இல்லை. ஆனால் பொழுதுபோக்குத்தானே என்று சொல்லி, விற்கும் பொருளின் கூலியைக் குறைக்க எந்த வியாபாரிக்கும் இடங்கொடுக்கலாகாது.

இதில் சங்கம் செய்யக்கூடியது என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. அலபாமா மாகாணத்தில் வில்காக்ஸ் என்னும் பிரதேசத்துக் கறுப்பின ஸ்திரீகள், அடிமைகளாயிருந்தோரின் சந்ததியார், பழைய வேலைத் துணிகளைக்கொண்டு குளிருக்கு விரிப்புத் தைத்து வந்தார்கள். வாக்குரிமை கேட்டதற்காக அங்குப் பல குடும்பங்கள் வேலையையும் குடியிருப்பையும் இழந்த காலம் அது. 1966-ஆம் வருஷத்தில் அவர்கள் 'விடுதலைத் தையல் கூட்டம்' என்று பொருள்படும் ஒரு கூட்டுறவு சங்கத்தை ஸ்தாபித்தார்கள். விரிப்புகளை நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்றார்கள். நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டினார்கள். 2002-ஆம் வருஷத்தில் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்காட்சிச் சாலை, அதே பகுதியான ஜீஸ் பெண்ட் கிராமத்து விரிப்புகளைச் சுவரில் மாட்டிக் காட்டியது. ஆனால் தொடங்கியவர்கள் முதுமையடைந்தார்கள். 2012-இல் அச்சங்கம் மூடப்பட்டது. ஒற்றுமையால் நியாயமான விலை பெறலாம் என்பது இதிலிருந்து நாம் அறியும் முதற்பாடம். இளையவர்களைப் பழக்காத தொழில் நிலைக்காது என்பது இரண்டாவது பாடம்.

ஆதலால் சங்கத்தார்க்கு நான்கு யோசனைகள் கூறுகிறேன். ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகியவற்றைச் சங்கமே மொத்தமாக வாங்கி அடக்கவிலைக்குக் கொடுக்கட்டும். விற்கும் விரிப்பு ஒவ்வொன்றிலும் தைத்தவர் பெயரும் ஆன மணி நேரமும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். விற்ற பணம் தைத்தவள் பெயரிலுள்ள கணக்கிலேயே வரவாகட்டும். அது அவளுடைய உழைப்பு. கையால் தைத்துப் பழகி, வாங்குவோரும் நிச்சயப்படுமுன் ஒருவரும் தையல் இயந்திரத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். சந்தோஷத்துக்காகத் தொடங்கிய காரியம் கடனில் முடியலாகாது.

1904-ஆம் வருஷத்தில் இந்த தேசத்தில் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டபோது, ஏழைக் குடியானவன் தனியே நின்றால் வட்டிக்கு இரையாவான், பலர் கூடினால் நிமிர்ந்து நிற்பான் என்பதே அதன் கருத்தாயிருந்தது. நைந்த துணி ஒரு படையாக இருந்தால் விரல் பட்டாலே கிழியும். மூன்று படையாகச் சேர்த்துத் தைத்தால் ஒரு குடும்பம் அதன்மேல் உறங்கும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

வருகிற கோடையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விரிப்பாவது தொடங்கவேண்டும் என்றும், ஐப்பசி மழைக்கு முன் சங்கத்தின் மூட்டை நிறையவேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுகிறேன்.